டிராகுலாவைத் துரத்தியவர்கள்

1897ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி லண்டனில் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வெளிவந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து ‘அத்தினியம்’ என்ற இலக்கிய வார இதழில் அதற்கு ஒரு சிறு மதிப்புரை வந்தது. எழுதியவரின் பெயர் அதில் இல்லை. நாவலின் முற்பகுதி மனித மனத்தின் அடியில் கிடக்கும் அச்சத்தின் வேரைத் தொடப்போவதாக நம்பவைக்கிறது, போகப்போக அந்தத் திறமை வற்றிவிடுகிறது என்பது அவருடைய முதற் குறை. இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. இரத்தக் காட்டேரியை வேட்டையாட ஒன்றுகூடும் மனிதர்களில் ஒருவருக்கும் தனக்கென்று ஒரு முகம் கிடையாது, ஓர் உயிர் கிடையாது என்று அவர் எழுதினார்.

அன்றே புகழ்ந்த பத்திரிகைகளும் இருந்தன. பின்னர் நாடகம், சினிமா, தொலைக்காட்சி என்று டிராகுலாவின் பெயர் உலகெங்கும் பரவியது. இவ்வளவு பெரிய வெற்றிக்கு அடியில் அந்த மதிப்புரை புதைந்துபோனது. அதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பெயரில்லாத மனிதர் சொன்னது சரி. இன்றைக்கு நூற்றுக்கணக்கில் அச்சாகும் காட்டேரி நாவல்கள் வாசகரை ஏமாற்றுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். இரத்தத்துக்கு அவற்றில் குறைவில்லை. ஆனால் கடிபடுகிறவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒருவருக்காக எவ்வளவு நேரம் பயப்பட முடியும்?

மடவளையில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்டியிலிருந்து வத்துகாமம் போகும் வழியில், பாததும்பறையில் இருக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர் இது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் ஜின் கதை கேட்டு வளர்கிறார்கள். அடுத்த ஊரில் மஹாசோனாவும் மோகினியும். மையவாடிப் பக்கம் அந்திக்குப் பிறகு போகாதே என்று சொல்லாத உம்மா இல்லை. இந்தக் கதைகளில் வரும் ஒவ்வோர் உருவுக்கும் ஒரு பிறப்பு, ஒரு குணம், ஒரு மனக்குறை இருக்கும். குர்ஆனின் 72ஆவது அத்தியாயத்துக்கே ‘அல்ஜின்’ என்று பெயர். ஓதுவதைக் கேட்டு ஈமான் கொண்ட ஜின்களைப் பற்றி அது பேசுகிறது. அவர்களிலும் நல்லவர்கள் உண்டு, அல்லாதவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத படைப்புக்கும் தெரிவு செய்யும் பொறுப்பு உண்டு என்ற நம்பிக்கையில் வளர்ந்த ஒருவர், முகமில்லாத நல்லவர்கள் முகமில்லாத தீமையைத் துரத்தும் கதையை எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

‘டிராகுலா’வின் முதல் நான்கு அத்தியாயங்களை மெதுவாக வாசிக்க வேண்டும். ஜொனத்தன் ஹார்க்கர் என்ற இளம் சட்டத்தரணி, காணி விற்பனை விடயமாக டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். வழியில் ஒரு ஹோட்டலில் சிவப்பு மிளகாய்த்தூள் போட்டுச் சமைத்த கோழி சாப்பிடுகிறான். நல்ல ருசி, ஆனால் தாகம். மினாவுக்காக இதன் செய்முறையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைக்கிறான். மினா அவன் மணமுடிக்கப்போகும் பெண். அந்த ஒரு வரியில் ஆள் முழுவதும் தெரிந்துவிடுகிறான்: சிக்கனமானவன், ஒழுங்கானவன், போகிற இடமெல்லாம் வீட்டை நினைப்பவன்.

பிறகு டிராகுலாவின் கோட்டையில் அந்தக் கண்ணாடிக் காட்சி. ஜொனத்தன் சவரம் செய்துகொண்டிருக்கிறான். தோளுக்குப் பின்னால் கோமகன் டிராகுலா வந்து நிற்கிறான். கண்ணாடியில் அவனுடைய உருவம் விழவில்லை. திடுக்கிட்டதில் கத்தி பட்டு இரத்தம் கசிகிறது. கோமகன் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் போகிறான். இவ்வளவும் நடந்த பிறகு ஜொனத்தன் எதை எழுதுகிறான்? இனிமேல் எப்படிச் சவரம் செய்வது, கடிகாரத்தின் மூடியைப் பார்த்தா, சவரக் கிண்ணத்தின் அடியைப் பார்த்தா, பெரிய தொல்லையாய்ப் போயிற்றே என்று. கையாள முடியாத பயம் வரும்போது மனம் கையாளக்கூடிய சின்னக் கவலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மரணவீட்டில் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்டோக்கருக்கும் புரிந்திருக்கிறது. அவருக்கு மனிதரை எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மொத்தம் 27 அத்தியாயங்கள். கதை இங்கிலாந்துக்கு வந்ததும் லூசி என்ற பெண்ணை ஒரே நாளில் மூவர் மணம் கேட்கிறார்கள்: மனநல மருத்துவர் சீவர்ட், பிரபுவீட்டு மகன் ஆர்தர், டெக்சாஸ்காரன் குவின்சி. மூவரும் நல்லவர்கள், மூவரும் வீரர்கள், மூவரும் முன்னமே நண்பர்கள். ஆர்தர் தெரிவானதும் மற்ற இருவருக்கும் அவன்மேல் துளி பொறாமை இல்லை. குவின்சிக்கு ஊர்ப்பேச்சும் ஒரு பெரிய கத்தியும் இருக்கின்றன, ஆர்தருக்குப் பணமும் பட்டமும். அதற்குமேல் அவர்களைப் பற்றிச் சொல்ல என்னால் ஒன்றும் தேட முடியவில்லை. கோட்டையிலிருந்து தப்பிவரும் ஜொனத்தனும் தலைமயிர் வெளுத்து, ஒரு கூர்க்காக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஒருவனாகச் சுருங்கிப்போகிறான். கோழிக்கறிச் செய்முறையைக் குறித்துவைத்த அந்த மனிதனை நான் பிற்பாதியில் தேடிக்கொண்டே இருந்தேன்.

நாவல் முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு என்று ஆவணங்களால் கட்டப்பட்டது. ஆளாளுக்குத் தனிக் குரல் கொடுப்பதற்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. சீவர்ட் தன் குறிப்புகளை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிகிறார். அதுகூட எழுதியதுபோலத்தான் இருக்கிறது. இதற்கு ஒரு சமாதானம் சொல்ல இடமுண்டு. எல்லா ஆவணங்களையும் மினாதான் தட்டச்சு செய்கிறாள், மூலப்பிரதி என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்று நாவலின் கடைசிக் குறிப்பே ஒத்துக்கொள்கிறது. ஆகவே நாம் கேட்பதெல்லாம் மினாவின் குரல் என்று வாதிடலாம். அழகான வாதம், ஆனால் நாவல் அதைத் தாங்காது. மினா எதையாவது மாற்றினாள், மறைத்தாள், தன் போக்கில் எழுதினாள் என்பதற்கு உள்ளே ஒரு தடயமும் வைக்கப்படவில்லை.

இதைவிட எனக்கு மனவருத்தம் தருவது இரத்தம் ஏற்றும் பகுதி. டிராகுலாவால் வற்றிப்போகும் லூசிக்கு நான்கு ஆண்கள் அடுத்தடுத்து இரத்தம் கொடுக்கிறார்கள்: ஆர்தர், சீவர்ட், பேராசிரியர் வான் ஹெல்சிங், குவின்சி. இரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1900, 1901 ஆண்டுகளில். ஆகவே நால்வரின் இரத்தம் ஒருத்திக்குச் சேருமா என்ற கேள்வி ஸ்டோக்கருக்கு எழவில்லை. அது அவருடைய பிழையும் இல்லை. ஆனால் மனிதக் கேள்வி ஒன்று இருந்தது. தன் இரத்தம் அவளுக்குள் ஓடியதால் அவள் தனக்கு மனைவியாகிவிட்டாள் என்று ஆர்தர் ஆறுதல் கொள்கிறான். மற்ற மூவரும் கொடுத்ததை அவனிடம் மறைக்கிறார்கள். மறுக்கப்பட்ட இரண்டு காதலர்களின் இரத்தமும் அதே உடம்பில் ஓடியிருக்கிறது. ஒரு முழு நாவலுக்கான நெருப்பு இது. அந்த இரகசியத்தால் ஒருவர் தூக்கம் கெட வேண்டாமா? ஒரு நட்பில் விரிசல் விழ வேண்டாமா? வான் ஹெல்சிங் ஒருமுறை கட்டுக்கடங்காமல் சிரித்துத் தீர்ப்பதோடு ஸ்டோக்கர் அதைக் கடந்துபோய்விடுகிறார்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு அவருடைய குறிப்புகளில் விடை இருக்கிறது. லண்டன் லைசியம் அரங்கில் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேலாளராக வேலை பார்த்துக்கொண்டே, 1890இலிருந்து ஏழு வருடங்கள் இந்த நாவலுக்காகக் குறிப்பெடுத்தார். அவை இன்று பிலடெல்பியாவின் ரோசன்பாக் நூதனசாலையில் உள்ளன. விட்பி என்ற கடலோர ஊரின் கல்லறை வாசகங்கள், அவ்வூர்ப் பேச்சுச் சொற்கள், 1885இல் அங்கே கரைதட்டிய ‘டிமித்ரி’ என்ற ருஷ்யக் கப்பலின் விபரம், ரயில் நேரங்கள் எல்லாம் அவற்றில் நுணுக்கமாக இருக்கின்றன. ஆட்கள் மட்டும் பெயர்ப்பட்டியலாக இருக்கிறார்கள். ஒரு துப்பறிவாளர், ஓர் ஓவியர், ஆவி ஆராய்ச்சியாளர் ஒருவர் என்று சேர்ப்பதும் வெட்டுவதும் இரண்டு பேரை ஒருவராக்குவதுமாகப் போகிறது. இடத்தையும் நேரத்தையும் தேடி அலைந்த அளவுக்கு அவர் ஆளைத் தேடி அலையவில்லை.

பக்கம் போதவில்லை என்ற சாக்கும் எடுபடாது. கோமகனின் மண்பெட்டிகளை ஏற்றிவரும் ‘டிமீட்டர்’ கப்பலின் தலைவருக்குப் பெயர்கூட இல்லை. சில பக்கக் குறிப்பேட்டில் மட்டும் வருகிறார். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கடைசியில் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு செத்துப்போகிறார். கப்பலைக் கைவிடுவதில்லை என்ற பிடிவாதம் ஒன்றுதான் அவருடைய முழுக்கதை. அது போதுமாயிருக்கிறது. ஈயையும் சிலந்தியையும் உயிரோடு தின்னும் மனநோயாளி ரென்ஃபீல்டும் அப்படித்தான். தன் எசமானுக்குக் காத்திருந்தவன், மினாவிடம் ஒருமுறை பேசிய பிறகு அவளுக்காக அதே எசமானை எதிர்த்துப் போராடிச் சாகிறான். ஒரு மனிதன் மாறுவதை நாம் நேரே பார்க்கிறோம். வேட்டைக்குப் போன கனவான்களுக்குக் கிடைக்காத பேறு இது.

தமிழில் இரத்தம் குடிக்கும் பேய்களைத் தனித்தனி ஆட்களாக எழுதிப் பார்த்தவர் ஜெயங்கொண்டார். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் ‘கலிங்கத்துப்பரணி’, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. போர் முடிந்த களத்தில் பேய்கள் குருதியும் நிணமும் சேர்த்துக் கூழ் சமைக்கின்றன. பரிமாறும்போது வரிசையில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சமணப் பேய் ஒருவேளைதான் உண்ணும். மயிரும் பிறவும் படாமல் வடித்து ஊற்ற வேண்டும். புத்தப் பேய் தோலைப் போர்த்திக்கொண்டு வருகிறது. குருட்டுப் பேய் தடவித் தடவித் தேடுகிறது. ஊமைப் பேய் வயிற்றையும் பானையையும் கையால் காட்டுகிறது. இரவில் கனாக் கண்ட பேய் ஒன்று இன்றைக்கு மட்டும் போதாது, நாளைக்கும் வேண்டும் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டளவு இடம்தான். அதற்குள் அதன் நோன்பு, அதன் ஊனம், அதன் ஆசை எல்லாம் வந்துவிடுகின்றன. ஜெயங்கொண்டார் சமண பௌத்தரை எள்ளுகிறார் என்பது உண்மை, அந்த எள்ளலை நான் கொண்டாடவில்லை. ஆனால் பசி எல்லாப் பேய்க்கும் ஒன்று, பசித்தவர் ஒருவரல்ல என்பதை அவர் பிடித்துவைத்திருக்கிறார்.

பழையனூர் நீலி கதையில் இன்னும் ஆழமான பாடம் உண்டு. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி அவனைத் தேடிவருகிறாள். கட்டை ஒன்றைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் அலறுகிறான், எழுபது வேளாளர்கள் அவனை நம்பவில்லை. உனக்கு ஏதும் ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடியும்போது அவன் பிணம். எழுபது பேரும் சொன்னபடியே தீயில் இறங்குகிறார்கள். எழுபது பேரில் ஒருவருடைய பெயரையும் நாம் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனாலும் அவர்கள் வெறும் கூட்டமல்லர். நியாயம் என்று நம்பித் தவறு செய்து, அதன் விலையைத் தாங்களே கொடுத்தவர்கள். ‘டிராகுலா’வின் வேட்டைக்காரர்கள் லூசி விடயத்தில் எத்தனை தவறு செய்கிறார்கள்! அவளைக் காவலில்லாமல் விட்டதும், மினாவைத் தனியே படுக்கவைத்துவிட்டுத் தேடப்போனதும் அவர்களே. அவற்றின் விலையை அந்த இரண்டு பெண்களும்தான் கொடுக்கிறார்கள்.

கண்டியின் சொந்த உதாரணம் குவேனி. மகாவம்சம் சொல்வதுபோல, இலங்கையில் கரையேறிய இளவரசன் விஜயனுக்குத் தன் இனத்தையே காட்டிக்கொடுத்த யக்ஷப் பெண் அவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைப்பதற்காக விஜயன் அவளை விரட்டுகிறான். தன்னவர்களிடம் திரும்பிப் போனவளை அவர்களே கொல்கிறார்கள். அவளுடைய சாபம் பின்னால் வந்த பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பிடித்தது என்பது மலைநாட்டு மரபு. அதைத் தீர்ப்பதற்காகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கொஹொம்ப கங்காரிய சடங்கிலிருந்துதான் கண்டிய நடனம் வளர்ந்தது. பெரஹராவில் வெண்தலைப்பாகையும் வெள்ளி நகைகளுமாக ஆடிப்போகிறவர்களின் கலைக்கு அடியில், கைவிடப்பட்ட ஒரு மனைவியின் வழக்கு இருக்கிறது. தீங்கு செய்தவளுக்கு அஞ்சுகிறார்கள். அவளுக்குத் தீங்கு செய்யப்பட்டதையும் மறக்கவில்லை.

நாவல் என்ற வடிவம் எங்கள் பக்கம் வந்தபோதும் இந்தச் சிக்கல் கூடவே வந்தது. கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. எகிப்தில் பிறந்து, குழந்தையாகக் கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவுக்குப் போகும் அசனின் கதை அது. சம்பவங்கள் விறுவிறுப்பானவை, அசன் தொடக்கம் முதல் நல்லவன், முடிவிலும் நல்லவன். முதல் முயற்சி என்பதால் அதை நாம் அன்போடு வாசிக்கிறோம், வாசிக்கவும் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

‘டிராகுலா’வை எடுத்துத் திருத்திப் பார்த்தவர்களும் உண்டு. துருக்கியில் அலி ரிஸா செய்ஃபி 1928இல் அதைத் தழுவி எழுதினார். கோட்டைக்குப் போகும் சட்டத்தரணி அங்கே அஸ்மி. சிலுவை இருந்த இடத்துக்குக் குர்ஆன் வருகிறது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. டிராகுலா என்ற பெயருடைய வரலாற்று மன்னன், கழுவேற்றி விளாத்தின் வரலாறு ஸ்டோக்கரின் குறிப்புகளில் கிடையாது. அந்தப் பெயரை ஒரு பழைய நூலில் கண்டு எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். செய்ஃபியோ தன் காட்டேரி அந்த விளாத்தான் என்று நேராகவே சொன்னார். 1462இல் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படை, விளாத் கழுவில் ஏற்றிய பிணங்களின் காடு ஒன்றைக் கண்டு நின்ற வரலாறு துருக்கி வாசகருக்குத் தெரியும். எதிர்த்து நிற்கும் ஆண்களோ, சுதந்திரப் போரில் அப்போதுதான் சண்டையிட்டு வந்தவர்கள். துரத்துவதற்கு ஒரு காரணம், துரத்துகிறவருக்கு ஒரு கடந்தகாலம் என்று ஸ்டோக்கர் கொடுக்காத இரண்டும் இங்கே கிடைத்துவிடுகின்றன. தேசியப் பெருமிதம் மிகுந்த நூல்தான், அதுவே அதன் குறையும். ஆனால் எலும்புக்கூட்டில் சதை பிடித்திருக்கிறது. 1953இல் இதைத் தழுவி ‘டிராகுலா இஸ்தான்புலில்’ என்ற படமும் வந்தது. 1967இல் லாகூரில் எடுத்த ‘ஸிந்தா லாஷ்’ வேறு வழியில் போனது. அங்கே காட்டேரியாகிறவர் ஒரு விஞ்ஞானி. சாவை வெல்லும் மருந்தைத் தயாரித்துத் தானே குடிக்கிறார். அவருடைய வீழ்ச்சி அவருடைய ஆசையிலிருந்தே தொடங்குகிறது.

பிற்காலத்தில் இந்த வகையைத் தூக்கி நிறுத்தியவர்களும் ஆட்களிலிருந்தே தொடங்கினார்கள். ஸ்டீபன் கிங் 1975இல் ‘சேலம்ஸ் லாட்’டில் ஒரு சிற்றூரின் வீடு வீடாகப் போய், யாருக்கு யாரோடு பகை, யார் இரவில் குடிக்கிறார் என்பதையெல்லாம் காட்டிவிட்டே காட்டேரியை அவிழ்த்துவிடுகிறார். அடுத்த வருடம் ஆன் ரைஸ் காட்டேரியையே உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்லவைத்தார். தமிழில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடரை எங்கள் ஊரிலும் வாரம் தவறாமல் பார்த்தவர்கள் உண்டு. குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டு நடுங்கியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, இரண்டாகப் பிளந்த ஒரு மனித மனம்.

இப்படி ஒரு நாவலாக ‘டிராகுலா’ ஆகியிருக்க முடியும் என்பதற்கு அதற்குள்ளேயே இரண்டு இடங்கள் சாட்சி. கோமகன் மினாவுக்குத் தன் இரத்தத்தைப் புகட்டிவிட்டுப் போன பிறகு, ஒக்டோபர் 3ஆம் திகதி ஜொனத்தன் தன் நாட்குறிப்பில் ஒன்றை எழுதுகிறான். முடிவில் அவள் காட்டேரியாகத்தான் வேண்டுமென்றால், அந்தப் பயங்கர உலகத்துக்கு அவளைத் தனியே போகவிட மாட்டேன் என்று. அதாவது நண்பர்களுக்கும் தான் செய்த சத்தியத்துக்கும் துரோகம் செய்வேன் என்கிறான். அவளிடமும் மற்றவர்களிடமும் இதைச் சொல்வதில்லை. சிறிது தூரத்தில் மினா எல்லாரையும் பார்த்து, கோமகனிடம் இரக்கம் வையுங்கள், எல்லாரிலும் பரிதாபமானவன் அவன்தான் என்கிறாள். அவனை நரகத்துக்கு அனுப்ப முடிந்தால் இப்போதே அனுப்புவேன் என்று கணவன் கத்துகிறான். ஒரே அறையில் கணவன், மனைவி, சொல்லாத ஓர் இரகசியம், நடுவில் காட்டேரியின் இரத்தம். பயம் இங்கேதான் வீட்டுக்குள் நுழைகிறது.

ஸ்டோக்கர் இந்தக் கதவைத் திறந்த வேகத்தில் சாத்திவிடுகிறார். ஜொனத்தனின் இரகசியத்தைப் பற்றிப் பிறகு எவரும் பேசுவதில்லை, அது சோதிக்கப்படுவதும் இல்லை. மீதி அத்தியாயங்களில் கலாட்ஸ் துறைமுகம், நீராவிப் படகு, குதிரைகள், ரயில் நேர அட்டவணை. மினாவுக்கு அந்த அட்டவணைகள் மனப்பாடம். நவம்பர் 6ஆம் திகதி, சூரியன் மறையும் நேரத்தில், இரண்டு கத்திகளில் கோமகனின் கதை முடிகிறது. குவின்சி காயத்தால் இறக்கிறான். ஏழு வருடங்களுக்குப் பிறகு எழுதிய பின்குறிப்பில் ஜொனத்தனுக்கும் மினாவுக்கும் ஒரு மகன் இருக்கிறான். வேட்டைக்குப் போன ஆண்கள் எல்லாருடைய பெயர்களையும் சேர்த்து அந்த ஒரே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்; கூப்பிடுவது மட்டும் குவின்சி என்று.